சந்தனப் பொட்டு வைத்த சான்றிதழ்

மலேசியத் தொழிற்சங்கச் செயலாளர்களுக்கும் செயலவை உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயாமார்களே, அம்மாமார்களே, வணக்கம்.

போன ஆயுத பூசையன்று ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்தச் சங்கம் என்பது இங்கே வேண்டாம். பழைய இரும்பு அலமாரி, மூன்று கணினிகள், நகலெடுக்கும் இயந்திரம், வாசலில் நின்ற செயலாளரின் கார் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. கடைசியில் அலுவலகத்துப் பெண் நாற்காலி மேல் ஏறி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழின் கண்ணாடியிலும் ஒரு பொட்டு வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. நானும் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிளைச் செயலாளராக இருந்த நானும் அந்தத் தாளைத்தான் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று அங்கே கேட்ட இன்னொரு பேச்சும் மனத்தை விட்டுப் போகவில்லை. 2024 செப்டம்பரில் தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். இன்ன தொழிலில் இருப்பவன் இன்ன சங்கத்தில்தான் சேரலாம் என்று போட்டிருந்த வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். "இனி என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று செயலாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், உழைப்பாளி. யோசிக்காமல் பதில் சொன்னார்: "சுற்றறிக்கை வரட்டும் அண்ணே, பார்ப்போம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த மடல். அதை அவர் சொந்தமாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் வாயில் அதை வைத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். எப்போது, எப்படி வைத்தார்கள் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். வயதானவன் பழங்கதை பேசுகிறான் என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

என் தாத்தா கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினாராம். அதை ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதிகம் என்று பாட்டி சொல்லுவார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் கார் தூசி தூரத்தில் தெரிந்தால் இறங்க வேண்டும். தோட்ட அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி எதிரே வந்தால் இறங்க வேண்டும். இறங்கி, சைக்கிளை ஓரம் சாய்த்து, தலைத்துண்டை எடுத்துவிட்டு, அவர்கள் போகும்வரை நிற்க வேண்டும். "சும்மாவே நடந்து போயிருக்கலாம், அதுக்கு எதுக்கு ஒரு சைக்கிளு" என்பார் பாட்டி. அவர் கேலியாகச் சொன்னாரா, வருத்தத்தில் சொன்னாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது வைத்த கோரிக்கைகளை எப்போதாவது வரிசையாகப் படித்திருக்கிறீர்களா? சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும் என்று கேட்டார்கள். அதை எல்லாரும் சொல்கிறோம். கூடவே கேட்டவற்றைச் சொல்வதில்லை. அடிக்கும் அதிகாரிகளை நீக்க வேண்டும். எங்கள் பெண்களிடம் கைவரிசை காட்டுவது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். உறவுக்காரர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. பேசவும் கூடவும் சங்கம் வைக்கவும் உரிமை வேண்டும். அந்த வரிசையில்தான் இதுவும் இருந்தது: துரையும் அதிகாரிகளும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது.

என் தாத்தாவின் சைக்கிள் ஒரு கோரிக்கைப் பட்டியலில் ஏறியிருந்தது என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் போராட்டத்துக்கு முன்னின்ற ஆர்.எச்.நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். பால் வெட்டியவர் அல்லர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் என்ற பெயரில் தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கூட்டினார். 1941 மே மாதம் அவரைப் பிடித்து உள்ளே வைத்ததும் வேலைநிறுத்தம் தோட்டங்களெங்கும் பரவியது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச்சூட்டில் குறைந்தது ஐந்து பேர் மாண்டார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்கள் கையில் எந்தச் சான்றிதழும் இருக்கவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜப்பான்காரன் வந்து போனான். சயாம் மரண ரயில் பாதையில் எத்தனை குடும்பங்கள் ஆண் துணை இழந்தன என்பது உங்கள் வீடுகளிலும் தெரியும். அது தனிக்கதை. போர் முடிந்து திரும்பி வந்த பிரிட்டிஷ் ஆட்சி, தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் வேறு மாதிரியான மக்களைக் கண்டது. தொழில் வேறுபாடு, இன வேறுபாடு பாராமல் எல்லாரும் ஒரே குடைக்கீழ் பொதுத் தொழிலாளர் சங்கங்களில் சேர்ந்தார்கள். 'பல தொழில்காரர்கள் கலந்த சங்கத்தைப் பதியமுடியாது' என்று அரசு மறுத்தது. உடனே தொழில் தொழிலாகப் பிரிந்து பதிந்துகொண்டு, மேலே ஒரு சம்மேளனம் வைத்தார்கள். அதுதான் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம். 1947-இல் இரண்டரை லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். தலைவர் எஸ்.ஏ.கணபதி. தஞ்சாவூர் மாவட்டத்தில் பிறந்து சிறுவயதிலேயே கடல் கடந்து வந்தவர்.

அந்தச் சம்மேளனத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் செல்வாக்கு பெரிது என்பதை நான் மறைக்கப்போவதில்லை. மறைத்து எழுதும் வரலாறு எனக்குப் பிடிக்காது. ஆனால் ஒரு கேள்வியை யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் விடிகாலை ஐந்தரை மணிக்கு வரிசையில் நின்ற தொழிலாளி, கார்ல் மார்க்ஸைப் படித்துவிட்டா சந்தா கொடுத்தான்? வேலை வாங்கும் தண்டல் வாயிலிருந்து 'டேய்' என்பதைத் தவிர வேறு சொல் வருமா என்று பார்க்கத்தான் கொடுத்தான்.

இனி தேதிகளைக் கவனியுங்கள். 1948 ஜூன் மாதம் தொழிற்சங்கச் சட்டத்தில் மூன்று திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. ஒரே மாதிரித் தொழிலில் உள்ள சங்கங்கள்தான் சம்மேளனம் அமைக்கலாம். பொறுப்பாளராக வருபவருக்கு அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். மிரட்டல், பணம் பறிப்பு போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவர் பொறுப்புக்கு வரக்கூடாது. மூன்றையும் தனித்தனியே பார்த்தால் ஏதோ ஒழுங்குமுறை மாதிரித்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தால் சம்மேளனமே இல்லை. நாதன் போன்ற பத்திரிகைக்காரன் இனி வாசற்படி ஏற முடியாது. வேலைநிறுத்த வாசலில் கைதானவன் முன்வரிசைக்கு வர முடியாது. சம்மேளனத்தின் பதிவு போயிற்று. அதற்குச் சில நாள் கழித்து, ஜூன் 16 அன்று, சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஜூன் 18-இல் நாடெங்கும் அவசரகாலம்.

அவசரகாலம் வந்ததால்தான் சங்கங்கள் முடக்கப்பட்டன என்று பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் நாம். வரிசை அப்படியன்று. முதலில் பதிவேட்டில் பேனா ஓடியது. துப்பாக்கி பிறகு வந்தது.

கணபதியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் பிடிபட்டார். கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாக வழக்கு. அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தூக்கு. அதே மாதம் தீர்ப்பு. நேரு அரசு மன்றாடியது. மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள், அவரோடு சங்கப் பணி செய்த வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். அதே ஆண்டு அதே மாதிரி வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழர், அன்றைய கடைசி முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை முறையீடு போய் 1950-இல் தப்பினார். ஒரு குற்றச்சாட்டில் விடுதலையானவரை அதே விஷயத்தை வைத்து மறுபடி மாட்டக்கூடாது என்பதற்கு இன்றும் வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். கணபதிக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் செய்த அரசாங்கம் யாருடையது? பிரிட்டிஷ் பிரதமர் அட்லீயின் தொழிற்கட்சி அரசாங்கம். தொழிற்சங்கங்கள் கூடிப் பெற்ற பிள்ளை அந்தக் கட்சி. 1948 ஜூலை 9 அன்று, நம் சம்மேளனத்தின் பெயரை அடித்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அனைத்துலகத் தொழில் மாநாடு 87-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. தொழிலாளர்கள் எவ்வித வேறுபாடுமின்றி, 'முன் அனுமதி பெறாமலேயே' சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்பது அதன் உயிர்நாடி. பிரிட்டன் முந்திக்கொண்டு 1949 ஜூன் 27 அன்று அதை உறுதிப்படுத்தியது. கணபதியின் கழுத்தில் கயிறு விழுந்து எட்டு வாரம் நிறையவில்லை. அவர்கள் ஊர்த் தொழிலாளிக்கு ஒரு நியாயம், ரப்பர் மரத்தடியில் நின்றவனுக்கு இன்னொன்று. சுதந்திரம் பெற்ற நாமாவது அந்த உடன்படிக்கையை ஏற்றோமா என்றால், அதுவும் இல்லை. கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைச் சொல்லும் 98-ஆம் உடன்படிக்கையை 1961-இலேயே ஏற்றவர்கள் 87 பக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை.

ஆனால் நான் உங்களிடம் பேச வந்தது தூக்குக் கயிற்றைப் பற்றியன்று. கயிற்றை எல்லாரும் பார்த்தார்கள். அதே நேரத்தில் பக்கத்து அறையில் நடந்ததைத்தான் நாம் பார்க்கவில்லை.

போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் அரசு ஒரு தொழிற்சங்க ஆலோசகரை இங்கே அனுப்பியது. பெயர் ஜான் பிரேசியர். பிரிட்டனில் ரயில்வே தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர். முதலாளியின் ஆள் இல்லை, போலீஸ்காரரும் இல்லை. அதுதான் விசேஷம். 'நல்ல' சங்கம் எப்படி இருக்க வேண்டும், கணக்குப் புத்தகம் எப்படி எழுத வேண்டும், கோரிக்கை மனுவை எந்தப் படிகளில் ஏற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். சிலவற்றை நல்ல மனத்தோடுதான் சொல்லிக் கொடுத்தார் என்றும் நம்புகிறேன். ஒரு கையில் அவசரகாலம், இன்னொரு கையில் கணக்குப் புத்தகம். 1950-இல், பின்னாளில் தொழிற்சங்கக் காங்கிரஸ் என்று பெயர் மாறிய மலாயாத் தொழிற்சங்க மன்றம் உருவானது. 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானது. பி.பி.நாராயணன் தலைமைக்கு வந்தார்.

அவர்களை அரசின் கைப்பாவைகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் இளைஞர்களை அடிக்கடி சந்திக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. தோழர்கள் காட்டிலும் சிறையிலும் கடலுக்கு அப்பாலும் கிடந்த நேரத்தில், லயத்து வரிசை வீடுகளில் இருந்த மக்களுக்கு மேசையில் உட்கார்ந்து பேச ஓர் ஆளாவது வேண்டியிருந்தது. அந்த மேசையில் கூலி உயர்ந்தது. வழக்குகளை வென்றார்கள். என் அப்பாவின் கை நசுங்கியபோது இழப்பீடு வாங்கித் தந்தது தோட்டச் சங்கம்தான். அதை நான் மறந்தால் சோற்றில் மண் விழும். ஆனால் அந்த மேசைக்கு ஒரு விலை இருந்தது. எந்த மேசை, எத்தனை நாற்காலி, யார் உட்காரலாம் என்பதை அரசின் தொழிற்சங்கப் பதிவாளர் முடிவு செய்வார். அந்த விலையை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தோம். மாதச் சந்தா போல வருடக்கணக்காகக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

1959 தொழிற்சங்கச் சட்டம் அதை எழுத்தில் கட்டிவைத்தது. பதிவில்லாமல் சங்கம் இல்லை. எந்தெந்தத் தொழில்கள் 'ஒத்தவை' என்பது பதிவாளரின் கருத்தாக இருந்தது. வேலைநிறுத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கினர் ரகசிய வாக்கு அளிக்க வேண்டும், முடிவைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும், ஏழு நாள் பொறுக்க வேண்டும் என்று பல்லாண்டு காலம் சட்டம் பேசியது. அரசியல் கட்சிப் பொறுப்பில் இருப்பவரைச் சங்கப் பொறுப்பில் இருக்க அது விடவில்லை. குடிமகன் அல்லாதவரையும் விடவில்லை.

இந்தக் 'கருத்து' எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1972-இல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. கம்பத்துப் பெண்களும் தோட்டத்துப் பெண்களும் ஆயிரக்கணக்கில் போய் நுண்ணோக்கியில் கண்ணைப் புதைத்து மின்னணுச் சில்லுகளில் கம்பி ஒட்டினார்கள். மின்சாரத் தொழில் ஊழியர் சங்கம் அவர்களைச் சேர்க்கப் புறப்பட்டது. பதிவாளர் மறுத்தார். காரணம், எலெக்ட்ரிக்கல் வேறு, எலெக்ட்ரானிக்ஸ் வேறு. இயற்பியல் பேராசிரியர்கள் நூறு ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை ஓர் அரசு அலுவலகம் அரைப் பக்கக் கடிதத்தில் தீர்த்து வைத்தது. 1988-இல் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று அமைச்சர் அறிவித்தார். கொஞ்ச நாளில் அந்த அறிவிப்பு சுருங்கி, ஒவ்வொரு நிறுவனத்துக்குள்ளும் அடங்கிய சங்கம் மட்டும் என்றாகிவிட்டது. வட்டார அளவில் சங்கம் வைக்க அதற்குப் பிறகும் ஏறத்தாழ இருபது ஆண்டு காத்திருந்தார்கள். முதலில் கம்பி ஒட்டிய பெண்கள் அதற்குள் கண்ணாடி போட்டுக்கொண்டு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடங்காதவர்களுக்கு வேறு சட்டம் இருந்தது. 1979-இல் மாஸ் எனும் மலேசிய விமான நிறுவனத் தகராறில் சங்கத் தலைவர்களை, விசாரணையின்றி உள்ளே வைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள், அந்தச் சங்கத்தின் பதிவையும் எடுத்துவிட்டார்கள். 1987-இல் லாலாங் நடவடிக்கை என்ற பெயரில் பலரைப் பிடித்து உள்ளே வைத்தபோது தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச்செயலாளர் வி.டேவிட்டைக் கொண்டுபோய் வைத்தார்கள். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. நான் கேட்பது வேறு. இத்தனை ஆண்டுகளில் எத்தனை செயலாளர்களை அவர்கள் பிடித்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்களைப் பிடிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லையே, அது எப்படி?

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். என் கிளையில் ஒருமுறை பக்கத்துத் தொழிற்சாலைப் பெண்கள் எட்டுப் பேர் வந்தார்கள். இரவு நேர வேலை முடிந்து, சீருடையோடு, சோற்றுப் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். கழிப்பறைக்குப் போனால் நிமிடக் கணக்கு எழுதுகிறார்கள், சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் அவர்களை உட்காரவைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, "உங்கள் தொழில் எங்கள் சங்க வரம்புக்குள் வராது அம்மா" என்று சட்டத்தைப் பிரித்துக் காட்டினேன். நான் சொன்னது சட்டப்படி சரி. அவர்களில் மூத்தவர் கேட்டார்: "சேர்க்க வேண்டாம் அண்ணே. எங்களோடு வந்து அந்த மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேசலாமா?" அதற்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. ஆனால் என் தலைக்குள் ஒரு பதிவாளர் உட்கார்ந்திருந்தார். "பார்ப்போம்" என்றேன். அவர்கள் மறுபடி வரவில்லை.

இன்று இந்த நாட்டில் நூறு தொழிலாளர்களில் ஆறேழு பேர்தான் சங்கத்தில் இருக்கிறார்கள். அரசைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் மிச்சமிருக்கும் தொண்ணூற்றுச் சொச்சம் பேரில் என் எட்டுப் பெண்களும் இருக்கிறார்கள்.

இப்போது வேலியைப் பிடுங்கியிருக்கிறார்கள். பதிவு இன்னும் கட்டாயம்தான், பதிவாளரின் இடத்துக்கு வந்த தலைமை இயக்குநரின் நாற்காலியும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. என்றாலும் பெரிய வழி திறந்திருக்கிறது. அந்த வழியில் முதலில் யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்?

எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். நம் லயங்கள் இருந்த இடத்தில் வங்காளதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு பையனிடம் பேசினேன், இருபத்து மூன்று வயது இருக்கும். ஊரில் நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு வந்திருக்கிறான். பாஸ்போர்ட் அவன் கையில் இல்லை, மேற்பார்வையாளரின் இழுப்பறையில் இருக்கிறது. வெளியாள் தங்கும் விடுதிக்கு வரக்கூடாது. அவன் சொல்லச் சொல்ல, 1941-இன் பட்டியலை யாரோ எனக்கு வாசித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. அவனிடம் சைக்கிளும் இருந்தது. மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அவன் இறங்கினான். அங்கே அப்படி ஒரு விதி இல்லை. யாரும் சொல்லவில்லை. இறங்கினான்.

சங்கக் கூட்டங்களில் இவர்களை 'வந்தேறிகள்' என்றும், 'நம் கூலியைக் கெடுப்பவர்கள்' என்றும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நம் பாட்டன்மாரைப் பற்றி இதே சொற்களை யார் பேசினார்கள் என்று தேடிப் பாருங்கள். கணபதி தஞ்சாவூரில் பிறந்தவர். நாதனைக் கப்பலேற்றி வந்த ஊருக்கே அனுப்பினார்கள். 1959 சட்டத்தின் குடிமகன் விதியை அவர்கள் மேல் வைத்தால் இரண்டு பேருமே ஒரு கிளைப் பொருளாளராகக்கூட நிற்க முடியாது.

என் கோரிக்கைகள் மூன்றுதான். மே 4 அன்று உங்கள் அலுவலகத்தில் கணபதியின் படத்துக்கு ஒரு மாலை போடுங்கள். கொள்கையில் உடன்பாடு இல்லாதவர்களும் போடலாம், அவர் ஒரு தொழிற்சங்கத் தலைவர். 87-ஆம் உடன்படிக்கையை ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தை இந்த ஆண்டு மறுபடி நிறைவேற்றுங்கள். ஆனால் தீர்மானத்தைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டு ஏற்பு முத்திரைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, உங்கள் அடுத்த உறுப்பினர் சேர்ப்புத் துண்டறிக்கையை வங்காளியிலும் நேபாளியிலும் அச்சிடுங்கள். அவர்கள் உறுப்பினராகச் சட்டம் தடுக்கவில்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், எங்கள் கடைத்தெருவில் ரொட்டி சுடும் தம்பியிடம் பேசி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குமேல் அவருக்கு ஓய்வு. முதல் ஆயிரம் பிரதிகளுக்கான அச்சுச் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளைச் செயலாளர் ஒருவர்,
சிலாங்கூர்